கொழுந்து கிள்ளும் விரலும் மூளையும்



மூணாறு மலையில் கொழுந்து எடுக்கும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். வாய் பக்கத்து வரிசைக்காரியோடு பேசும். விரல் தன்பாட்டில் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளும். முற்றின இலையைத் தொடாது. இப்போது பல தோட்டங்களில் கத்திரி வந்துவிட்டது. ஆனாலும் பழைய கை மறக்கவில்லை.

வேலைக்கு வந்த முதல் வாரம் இப்படியா இருந்தது? ஒவ்வோர் இலையையும் பார்த்துப் பார்த்துத்தான் கிள்ள வேண்டியிருந்தது. பிறகு இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? விரலுக்குத் தானாக எதுவும் தெரியாது. கற்றுக்கொண்டது மூளை.

பெரியவர்களின் மூளை சுமார் 1,300 முதல் 1,400 கிராம் எடை இருக்கும். அதற்குள் சுமார் 8,600 கோடி நரம்புச் செல்கள் இருக்கின்றன. ஒரு செல்லிலிருந்து இன்னொரு செல்லுக்குச் செய்தி ஓடுகிறது. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தால் அந்தச் செய்தி ஓடும் வழி பலப்படும். ஆள் நடக்க நடக்கக் காட்டில் ஒற்றையடிப் பாதை விழுகிறதே, அதுபோல. நல்ல பழக்கமும் இப்படித்தான் வரும். கெட்ட பழக்கமும் இப்படித்தான் வரும்.

“வயதான பிறகு எழுத்து ஏறுமா?” என்று கேலி பேசுகிறவர்கள் உண்டு. லக்னோ நகரத்துக்கு அருகே சில கிராமங்களில் இதை ஆராய்ந்து பார்த்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு ஆறு மாதம் இந்தி எழுத்துக் கற்றுக் கொடுத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் முப்பது வயதை ஒட்டிய பெண்கள். படிப்பதற்கு முன்னும் பின்னும் கருவியால் மூளையைப் படம் பிடித்தார்கள். மூளையின் ஆழத்தில் உள்ள பகுதிகளும் பார்வைக்கு உரிய பகுதியும் முன்பைவிட இணைந்து வேலை செய்வது தெரிந்தது. 2017-இல் இந்த முடிவு வெளியானது. கேலி பேசியவர்கள் இனி வேறு பேச்சுத் தேடட்டும்!

மூளையின் எல்லாப் பகுதிக்கும் ஒரே வேலை இல்லை. சின்னக்கானலில் பனிமூட்டத்துக்குள் ஒரு யானை எதிரே நின்றால் என்ன ஆகும்? யோசிப்பதற்கு முன்பே நெஞ்சு படபடக்கும். கால் பின்வாங்கும். மூளைக்குள் பாதாம் பருப்பு அளவில் ஒரு பகுதி இருக்கிறது. அபாயம் என்று மணி அடிப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

தலையின் பின்பக்கம் சிறுமூளை இருக்கிறது. சித்தூர்ப் பக்கம் தென்னை ஏறிக் கள் இறக்குகிறவர் மரத்தின் உச்சியில் தடுமாறாமல் இருக்கிறார். அதற்குச் சிறுமூளை உதவுகிறது. அந்தக் கள்ளை அளவு மீறிக் குடித்தவரோ தரையிலேயே தடுமாறுகிறார். மது சிறுமூளையை மந்தமாக்கிவிடுகிறது.

நெற்றிக்குப் பின்னால் இருப்பது முன்மூளை. “பொறு, யோசி” என்று நம்மை நிறுத்துவது இதுதான். மது இதையும் மந்தமாக்கும். பகலில் மரியாதையாகப் பேசுகிறவர் இரவில் வாய்க்கு வந்தபடி ஏசுவது இதனால்தான்.

முன்மூளை கெட்டால் ஆளே மாறிவிடலாம். இதை உலகத்துக்குக் காட்டியவர் ஒரு தொழிலாளி. அவர் பெயர் பினியாஸ் கேஜ். அமெரிக்காவில் ரயில் பாதை போடும் வேலையில் மேஸ்திரியாக இருந்தார். வயது 25. பாறையில் துளையிட்டு, வெடிமருந்து போட்டு, இரும்புக் கம்பியால் இடித்துக் கெட்டிப்படுத்துவார்கள். பாறை உடைக்கும் இடத்தில் வேலை செய்தவர்களுக்கு இதன் ஆபத்து தெரியும். 1848 செப்டம்பர் 13-ஆம் தேதி மருந்து திடீரென்று வெடித்தது. மூன்றரை அடி நீளமுள்ள கம்பி அவர் இடது கன்னத்தில் நுழைந்து உச்சந்தலை வழியாக வெளியே போனது.

அவர் சாகவில்லை! சில நிமிடங்களில் பேசினார். மாட்டுவண்டியில் உட்கார்ந்தபடியே வந்து சேர்ந்தார். காயம் ஆறியது. ஆனால் குணம் மாறிவிட்டது. முன்பு அவர் பொறுப்பானவர். இப்போது கெட்ட வார்த்தை பேசினார். பிடிவாதம் பிடித்தார். ஒரு திட்டம் போடுவார், உடனே அதை விட்டுவிடுவார். பழைய வேலையைத் திருப்பித் தர முதலாளிகள் மறுத்தார்கள். பிறகு அவர் சிலி நாட்டில் பல ஆண்டுகள் குதிரை வண்டி ஓட்டினார். ஓரளவு தேறியிருக்கிறார் என்றுதான் நினைக்க வேண்டும். 1860-இல் இறந்தார். அவருடைய மண்டையோடு அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது.

கேஜுக்கு நடந்தது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. வெளியே காயம் எதுவும் இல்லாமல் ஒருவர் மாறினால்? தூங்காமல் நடக்கிறார். யாரோ காதில் பேசுவதாகச் சொல்கிறார். வீட்டாரையே சந்தேகப்படுகிறார். அப்போது ஊர் என்ன சொல்கிறது? பேய் பிடித்தது, செய்வினை என்கிறது. மந்திரவாதியிடம் கூட்டிப் போகிறார்கள். சிலர் கட்டியும் வைக்கிறார்கள்.

கட்டி வைத்ததன் விளைவைத் தமிழ்நாட்டில் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் பார்த்தோம். அங்கே தர்காவுக்கு அருகே தனியார் காப்பகங்கள் இருந்தன. மனநோயாளிகளைக் குடும்பத்தார் அங்கே விட்டுச் சென்றார்கள். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி அதிகாலையில் ஒரு காப்பகத்தின் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. மொத்தம் 28 பேர் இறந்தார்கள். அவர்கள் செய்த குற்றம் நோய்வாய்ப்பட்டது மட்டும்தான். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது.

மனநோய் பேயின் வேலை இல்லை. மூளையில் ஏற்படும் மாறுதல், பரம்பரை, வாழ்க்கையில் பட்ட துன்பம் எல்லாம் சேர்ந்து அதை உண்டாக்கலாம். சிகிச்சை உண்டு. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்களைப் பற்றி அரசு மருத்துவமனையில் கேட்கலாம். 14416 என்ற எண்ணுக்குப் பணம் செலவில்லாமல் இரவும் பகலும் போன் செய்யலாம். தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம்.

மருந்து தொடங்கிய அன்றே குணம் தெரியாது. சில வாரங்கள் ஆகலாம். கொஞ்சம் தேறியதும் மருந்தை நிறுத்திவிடுகிறவர்கள் பலர். நோய் திரும்பி வருவது பெரும்பாலும் அப்போதுதான். நிறுத்தலாமா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். மருந்துச் சீட்டில் உள்ள பெயரையும் வேளையையும் பார்த்துக் கொடுக்க வீட்டில் படிக்கத் தெரிந்த ஒருவர் பொறுப்பேற்கலாம். அந்த ஒருவர் நீங்களாகவும் இருக்கலாம்.