எல்லாக் கணிப்பொறிக்கும் ஏற்ற உரையாடல் பெட்டி
(வெள்ளி விழாக் கருத்தரங்க உரை)

 

கணிப்பொறியில் தட்டெழுதியதைச் சேமிக்காமல் மூட முயன்றால், திரையின் நடுவே ஒரு சிறு சாளரம் தோன்றி, 'சேமிக்கவா, வேண்டாமா?' என்று வினவுகின்றது. அதனையே உரையாடல் பெட்டி என்கிறோம். அதிலுள்ள பொத்தான், எழுதும் கட்டம், தேர்வுப் பட்டியல் முதலியவை கட்டுப்பாட்டு உறுப்புகள் எனப்படும். இயந்திரம் மனிதரை வினவும் இடம் இது. வினா விளங்காவிடில் விடை பிழைபடும். பல நாள் உழைப்பு ஒரு நொடியில் அழிந்துபோகும். ஆதலின் இப்பெட்டியை அமைப்பது சிறு வேலை என்று நாம் எண்ணலாகாது.

1984இல் மெக்கின்டோஷ் கணிப்பொறியும், 1985இல் விண்டோஸும் வெளிவந்தன. யூனிக்ஸ் கணிப்பொறிகளில் பெரிதும் வழங்கிய எக்ஸ் சாளர முறை 1984இல் எம்.ஐ.டி.யில் தோன்றிற்று. மூன்றும் சாளரம் காட்டுவனவே. ஆயினும், ஒரு பொத்தானைத் திரையில் வரவழைக்கும் கட்டளை ஒவ்வொன்றிலும் வேறு. ஒரே மென்பொருளை மும்முறை எழுதவேண்டிய நிலை ஏற்பட்டது. பொருள் வளம் மிக்க நிறுவனங்கட்கு அது இயலும். தனி ஒருவர்க்கு இயலுமா?

இக்குறையைப் போக்கப் பொதுவான நிரல் நூலகங்கள் எழுந்தன. 1992இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஸ்மார்ட் தொடங்கிய நூலகம் இன்று டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸ் என வழங்குகின்றது. நார்வே நாட்டில் உருவான க்யூட் 1995இல் வெளிவந்தது. முன்னது, அந்தந்த இயங்குதளத்திற்கே உரிய பொத்தானை அழைத்துப் பயன்படுத்துவது. பின்னது, பொத்தானைத் தானே வரைந்து, அத்தளத்தின் சாயலை அதற்கு அளிப்பது. இரண்டையும் கட்டணமின்றிப் பெற்றுக் கற்கலாம்.

எனினும், நூலகம் கைக்கு வந்த மட்டில் பணி முடிந்துவிடாது. நாம் மூன்றினை மனத்திற் கொள்ளல் வேண்டும்.

முதலாவது, அளவு. 'ஓகே' என்பதற்கு அளந்து வைத்த பொத்தானில் 'ஏற்றுக்கொள்க' என்று எழுதினால், சொல்லின் வால் அறுபடும். உயரம் போதாவிடில் 'மூ', 'கூ' போன்ற எழுத்துகளின் அடிப்பகுதி மறையும். எனவே நீள அகலங்களை எண்ணால் கட்டிவைக்காமல், சொல்லுக்குத் தக்கவாறு இடத்தைக் கணக்கிடும் பொறுப்பை நூலகத்தின் அமைவு முறையிடமே விட்டுவிடுதல் நன்று.

இரண்டாவது, வரிசை. விண்டோஸில் ஓகே இடப்புறமும், கேன்சல் அதன் வலப்புறமும் நிற்கும். மேக்கில் இது தலைகீழ். விரல் பழகிய இடத்தையே நாடும். இரு நூலகங்களிலும் இவ்வரிசையைத் தளத்திற்கேற்ப மாற்றித்தரும் ஏற்பாடு உண்டு. அதனினும் மேலாக, 'ஆம்', 'இல்லை' என்பதற்கு மாறாக, 'சேமி', 'சேமிக்காதே' எனச் செயலையே பெயராக இட்டால் ஐயம் எழாது.

மூன்றாவது, யாவர்க்கும் வழி. பார்வையற்றோர் திரையைச் செவியால் படிக்கின்றனர். அதற்குதவும் என்.வி.டி.ஏ. என்னும் இலவச மென்பொருள் 2006இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கப்பெற்றது. அதன் உரையாடல் பெட்டிகளும் டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸ் கொண்டே அமைந்தவை. இயங்குதளத்திற்கு உரிய பொத்தான் தன் பெயரையும் நிலையையும் இத்தகைய மென்பொருளுக்குத் தானே தெரிவிக்கும். நாமே புதிதாக வரையும் உறுப்புக்கு அச்செய்தியை நாமே எழுதிச் சேர்க்க வேண்டும். பெயரின்றிப் படம் மட்டும் ஒட்டிய பொத்தான், கேட்பவர்க்கு வெறும் 'பொத்தான்' என்றே ஒலிக்கும். அழகிய அப்பெட்டி அவர்க்கு மூடிய கதவு.

இளைஞர்களே! மூடிய கதவுகளின் முன் நின்ற வரலாறு நமக்குண்டு. ஆதலின் நம் கை அமைக்கும் வாயில் எவரையும் புறத்தே நிறுத்தலாகாது. பெட்டியை அமைத்தபின் மௌஸை ஒதுக்கிவைத்து, டேப், என்டர், எஸ்கேப் ஆகிய விசைகளால் மட்டுமே அதனை இயக்கிப் பாருங்கள். மூன்று தளங்களிலும் பாருங்கள். தமிழ்ச் சொற்களை இட்டுப் பாருங்கள். கணிப்பொறி அறியாத ஒருவரை அமர்த்தி, அவர் எங்கே தயங்குகின்றார் என்று நோக்குங்கள். அவர் தயங்கும் இடமே நாம் திருத்த வேண்டிய இடம்.

கற்றவர் அமைக்கும் பெட்டி, கற்கத் தொடங்குபவரையும் உள்ளே அழைக்கட்டும்.