தென்னையைக் காக்கும் பச்சைப் பூசணம்

(கூட்டுறவு இன்ஸ்பெக்டர் ஒருவர் கிராம சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)

 

இராமேஸ்வரம், பாம்பன், தங்கச்சிமடம், உச்சிப்புளி முதலிய கரையோரக் கிராமங்களின் மணற்பாங்கான பூமியில் தென்னை ஒரு நெடுங்காலச் சொத்து. அச்சொத்துக்குச் சத்துரு காண்டாமிருக வண்டு. அது இரவில் பறந்து வந்து விரியாத குருத்தைக் குடையும். பின்னர் விரியும் மட்டை கத்தரிக்கோலால் வெட்டினாற்போல் காணும். அது துளைத்த வழியே சிவப்புக் கூன்வண்டும் புகுந்தால் மரமே மாண்டுபோகும்.

வண்டு மரத்தின் உச்சியில் பிறப்பதில்லை. நமது எருக்குழியிலும், மட்கிய தென்னங்கட்டையிலுமே முட்டையிடுகிறது. புழுவும் அங்கேயே மாதக்கணக்கில் வளர்கிறது. ஆகையால் அதை எருக்குழியிலேயே மடக்க வேண்டும்.

அதற்கு உதவுவது மெட்டாரைசியம் என்னும் பச்சைப் பூசணம். ருஷிய தேசத்தில் தானியத்தை அழித்த ஒருவகை வண்டின் புழுக்களில் இதனை மெச்னிக்காப் என்னும் சாஸ்திரி 1879-ம் வருஷத்தில் ஆராய்ந்தார். 1909-ல் இலங்கையிலிருந்து சென்ற ரப்பர் நாற்றுக்களோடு நம் வண்டு சமோவாத் தீவை அடைந்தபோது, அங்கும் இப்பூசணத்தைப் பிரயோகித்துப் பார்த்தனர்.

இதன் விதைத்தூள் புழுவின் தோலில் ஒட்டி முளைத்து, உள்ளே ஊடுருவி அதனைக் கொல்லும். செத்த புழு விறைத்து, முதலில் வெண்மையாகவும் பிறகு பச்சையாகவும் பூக்கும். அப்பச்சைத் தூள் மற்றப் புழுக்களையும் பற்றும்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக் கழகத்தின் சிபார்சு இது: 250 மில்லி பூசணத் திரவத்தை 750 மில்லி தண்ணீரில் கலந்து எருக்குழியில் தெளிக்க வேண்டும். பூசணத்துக்கு ஈரம் உயிர். கடும் வெயில் எமன். எனவே ஐப்பசி, கார்த்திகை மழைக்காலமே நம் ஜில்லாவுக்கு உகந்தது. மாலை வேளையில், ஈரமான எருவில் தெளியுங்கள். பூசணக்கொல்லி மருந்துகளை இதனுடன் கலக்கலாகாது.

இது உடனே பலன் தரும் விஷமன்று. பறக்கும் வண்டுக்கு வேறு உபாயம் வேண்டும். ஒரு பங்கு வேப்பங்கொட்டைத் தூளுடன் இரு பங்கு மணல் கலந்து, மரத்துக்கு 150 கிராம் வீதம் குருத்தையடுத்த மூன்று மட்டைகளின் அடியில் இடுங்கள்.

நண்பர்களே! ஒருவர் குழியில் பிறந்த வண்டு வேலியைக் கண்டு நிற்பதில்லை. பத்துப் பேர் தெளித்து, பதினோராமவர் சும்மாயிருந்தால் பத்துப் பேர் உழைப்பும் வீண். கடனுக்கு ஒருவருக்கொருவர் ஜாமீன் நிற்கும் நாம், எருக்குழிக்கும் ஜாமீன் நிற்கலாகாதா? கிராமத்துக் குழிகளுக்கெல்லாம் ஒரு ஜாபிதா எழுதுங்கள். புயலில் சாய்ந்த கட்டைகளை அகற்றுங்கள். பூசணத்தைச் சங்கத்தின் மூலம் ஒன்றாக வாங்கி, ஒரே வாரத்தில் எல்லாக் குழிகளிலும் தெளியுங்கள். இதற்கான தீர்மானத்தை இன்றைய கூட்டத்திலேயே நிறைவேற்றுமாறு கேட்டுக்கொள்கிறேன்.