எடுத்து வைப்பதும் ஆட்டத்தில் சேர்த்திதான்

கேரம், சதுரங்கம், மோனோபோலி, ஸ்கிராபிள் என்று தொடங்கும் வீட்டு ஆட்டங்கள், கடான், கார்காசோன், டிக்கெட் டு ரைடு என்று வளர்ந்து, ஒரு கட்டத்தில் அலமாரியை அடைத்துக்கொள்கின்றன. எந்த ஆட்டம் நல்ல ஆட்டம் என்று வாதாட ஆள் இருக்கிறார்கள். ஆடி முடித்ததை எப்படி எடுத்து வைப்பது என்று பேசுவோர் குறைவு. அந்தப் பழக்கத்தை இன்று மதிப்பிட்டுப் பார்க்கலாம்.

மதிப்பிட ஓர் அளவுகோல் வேண்டுமே? என்னுடையது இது: "ஓர் ஆட்டம் போடலாமா?" என்று வீட்டில் ஒருவர் கேட்டதிலிருந்து முதல் காய் நகரும்வரை எவ்வளவு நேரம் ஆகிறது? அந்த நேரத்தைக் குறைக்கும் அடுக்குமுறை நல்லது. கூட்டுவது, பார்க்க எத்தனை அழகாக இருந்தாலும், வீண்.

இந்த அளவுகோலில் முன்னோர் நன்றாகவே தேறுகிறார்கள். 1922-ல் ஹோவர்ட் கார்ட்டர் கண்டுபிடித்த துட்டன்காமனின் கல்லறையில் ஆட்டப் பெட்டிகளும் இருந்தன. அவற்றுள் ஒன்றின் ஒரு பக்கத்தில் 30 கட்டம் கொண்ட செனட் ஆட்டம். கவிழ்த்தால் 20 கட்டம் கொண்ட இன்னோர் ஆட்டம். காய்களைப் போட அதிலேயே ஓர் இழுப்பறை. நம் மடக்குப் பல்லாங்குழியிலும் இதே யோசனைதான். ஆடி முடித்ததும் சோழியையோ புளியங்கொட்டையையோ உள்ளே விட்டு மடக்கினால், பலகையே பெட்டியாகிவிடும். தாயத்துக்கு அதுகூட வேண்டாம். தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு ஆடுவார்கள். முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்துவிடுவார்கள். மிஞ்சுவது ஒரு சுருக்குப்பையும் அதற்குள் இரண்டு பித்தளைத் தாயக்கட்டைகளும்.

பிறகு ஏன் இன்று இது இவ்வளவு பெரிய வேலையாகிவிட்டது? காய்கள் மாறிவிட்டன. ஒரு புளியங்கொட்டை தொலைந்தால் இன்னொன்று கிடைக்கும். தாயக்காய் தொலைந்தால் உடைந்த வளையல் துண்டோ சட்டைப் பொத்தானோ அந்த இடத்தில் உட்காரும். ஆனால் ஆங்கில ஸ்கிராபிளில் உள்ள 100 வில்லைகளில் 'க்யூ' எழுத்து ஒன்றே ஒன்றுதான். அது சோபாவுக்கு அடியில் போய்விட்டால் ஆட்டமே ஊனம். ஜெர்மானியரான கிளாஸ் டாய்பர் உருவாக்கி 1995-ல் வெளிவந்த கடானை எடுத்துக்கொள்ளுங்கள். 19 நிலத்துண்டுகள், 95 வளச் சீட்டுகள், ஆளுக்கு 15 சாலை, 5 குடியிருப்பு, 4 நகரம் என்று நால்வருக்கும் சேர்த்து 96 காய்கள். எல்லாம் ஒரே பெட்டிக்குள். காய் ஒவ்வொன்றும் ஈடு செய்ய முடியாததாகிவிட்ட பிறகுதான் எடுத்து வைப்பது ஒரு கலையாகியிருக்கிறது.

பெட்டிக்குள்ளிருந்து தொடங்குவோம். பலரும் இனவாரியாகப் பிரித்து வைப்பார்கள். கடானில் சாலைகள் எல்லாம் ஒரு பையில், குடியிருப்புகள் எல்லாம் ஒரு பையில். பார்க்க ஒழுங்குதான். ஆனால் அடுத்த முறை ஆடும்போது நிறம் பார்த்துப் பிரிக்கும் வேலையை முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆள்வாரியாக வைத்துப் பாருங்கள்: சிவப்புக்கு ஒரு ஜிப் பை, நீலத்துக்கு ஒன்று என்று ஒவ்வொன்றிலும் 24 காய்கள். மூடியைத் திறந்து ஆளுக்கொரு பையைக் கையில் கொடுத்தால் ஆட்டம் தொடங்கிவிட்டது. இந்தக் கலையின் உச்சம் என்று நான் மதிப்பது இந்தச் சின்னப் பைகளைத்தான்.

அடுத்தது எண்ணிக்கை. மோனோபோலியில் 32 வீடு, 12 ஹோட்டல், 28 சொத்துச் சீட்டு. இப்படிக் கணக்கை ஒரு தாளில் எழுதி மூடியின் உட்புறம் ஒட்டி வையுங்கள். ஸ்கிராபிள் வில்லைகளை வரிசைக்குப் பத்தாகப் பத்து வரிசை அடுக்கினால், எது குறைகிறது என்று எண்ணாமலே தெரிந்துவிடும். குறைவதை அன்றே தேடினால் கிடைக்கும். மறுநாள் துடைப்பம் முந்திக்கொள்ளும்.

இனி அலமாரி. படுக்க வைப்பதா, நிற்க வைப்பதா என்பதில் சேகரிப்போர் இரண்டு கட்சி. படுக்க வைத்து அடுக்கினால் மேல் பாரத்தில் கீழ்ப் பெட்டியின் மூடி அமுங்கும். எட்டுப் பெட்டியைத் தூக்கிவிட்டு ஒன்பதாவதை எடுக்க யாருக்கும் மனம் வராது. நிற்க வைத்தால் புத்தகம்போல் உருவிவிடலாம். ஆனால் பை போடாத காய்கள் உள்ளே சரிந்து ஒன்றோடொன்று கலந்துவிடும். பைகள் இருந்தால் நிற்க வைப்பதே மேல் என்பது என் முடிவு. ஐகியாவின் காலாக்ஸ் அலமாரி உலகெங்கும் சேகரிப்போருக்குப் பிடித்துப்போனதன் காரணமும் இதுதான். அதன் ஒவ்வோர் அறையும் 33 செ.மீ. சதுரம். ஏறத்தாழ 30 செ.மீ. பக்கமும் 7 செ.மீ. கனமும் உள்ள கடான் வகைப் பெட்டிகள் நான்கு அதில் நிற்கும். ஒரு தட்டு 13 கிலோதான் தாங்கும் என்பதை மறக்க வேண்டாம். குளூம்ஹேவன் என்ற ஓர் ஆட்டத்தின் பெட்டி மட்டுமே கிட்டத்தட்ட 10 கிலோ.

மூடி திறக்காமலிருக்க ரப்பர் பேண்ட் மாட்டும் வழக்கத்தை விட்டுவிடுவது நல்லது. அது அட்டையின் விளிம்பை வெட்டும்; வெயில் காலத்தில் இளகி ஒட்டிக்கொள்ளும். அகலமான எலாஸ்டிக் நாடா போதும். கேரம் போர்டைச் சுவரில் சாய்த்து வைத்தால் நாளடைவில் பலகை வளையும். செங்குத்தாக மாட்டினால் வளையாது.

கடற்கரை ஊர்களில் இருப்போருக்குப் பெரிய எதிரி ஈரப்பதம். அச்சுத் தாள் ஒட்டிய அட்டையின் ஒரு பக்கம் ஈரத்தை அதிகம் குடித்தால் ஆட்டப் பலகை அப்பளம்போல் வளைந்துகொள்ளும். மழைநீர் கசியும் சுவரை ஒட்டி அலமாரி வேண்டாம். மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள பரணும் வேண்டாம்; அங்கே அடிக்கும் சூட்டில் பசை விட்டுப்போகும். பெட்டிக்குள் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடலாம். இராமபாணப் பூச்சிக்குப் பயந்து பாச்சை உருண்டை போடாதீர்கள். அந்த நெடி சீட்டுகளை விட்டுப் போகாது. சிலவகை பிளாஸ்டிக் காய்களை அது இளக்கியும் விடும்.

எந்த வரிசையில் அடுக்குவது? அகர வரிசை நூலகத்துக்குச் சரி. வீட்டில் கேள்வி வேறு. இப்போது எத்தனை பேர் இருக்கிறோம், எவ்வளவு நேரம் இருக்கிறது? ஆகவே இருவர் ஆட்டங்கள் ஒரு தட்டில், நால்வர் ஆட்டங்கள் ஒரு தட்டில், விருந்தாளிகள் வந்தால் ஆடுபவை இன்னொன்றில். குழந்தைகளின் ஆட்டங்கள் அவர்கள் கைக்கெட்டும் உயரத்தில். மழலைகள் வாயில் போட்டுக்கொள்ளக்கூடிய சின்னக் காய்கள் கட்டாயம் மேல் தட்டில்.

இந்தக் கலைக்கு ஒரு வியாதியும் உண்டு. சீட்டுக்குச் சீட்டு பிளாஸ்டிக் உறை, காய்க்குக் காய் தனிக் குழி வெட்டிய தட்டு என்று அலங்காரம் கூடிக்கொண்டே போகும். ஒவ்வொரு முறையும் குலுக்கும் சீட்டுகளுக்கு உறை நல்லதுதான். ஆனால் எல்லாவற்றுக்கும் உறை போட்டால் கட்டு தடித்துப் பெட்டி மூடாது. பிறகு புதுத் தட்டு, அதற்குப் புதுப் பெட்டி. கடைசியில் எடுத்து வைப்பதே ஆட்டமாகி, ஆட்டம் அலமாரியில் நின்றுவிடும்.

ஜெர்மனியின் நூரம்பெர்க் நகரில் உள்ள ஆட்டங்களுக்கான ஆவணக் காப்பகம் ஏறத்தாழ 30,000 ஆட்டங்களைப் பாதுகாத்து வருகிறது. ஆய்வுக்காகக் காப்பது அதன் கடமை. நம் வீட்டுக்கு அந்தக் கடமை கிடையாது. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு துண்டுச் சீட்டு வைத்து, ஆடும்போதெல்லாம் தேதியைக் குறித்து வாருங்கள். ஓர் ஆண்டு முழுதும் தேதி விழாத பெட்டியை ஒரு ஞாயிற்றுக்கிழமை மேசைக்குக் கொண்டுவாருங்கள். வீட்டார் உட்கார்ந்து ஆடினால், கைக்கெட்டும் தட்டில் அதற்கு இடம் கொடுக்கலாம். யாரும் உட்காரவில்லை என்றால், காய்களை எண்ணிச் சரிபார்த்து, பக்கத்துப் பள்ளிக்கோ நூலகத்துக்கோ கொடுத்துவிடலாம். ஆட ஆள் உள்ள இடத்தில்தான் ஓர் ஆட்டம் இருக்க வேண்டும்.