பழைய காரும் புதிய தகடும்



கொல்கத்தாவில் குடியேறி வாழும் நமக்கு அம்பாசிடர் கார் அயலானதன்று. ஹூக்ளிக் கரையில் உத்தரபாராவில் 1957 முதல் செய்யப்பட்டு வந்த அவ்வண்டி, 2014ஆம் ஆண்டில் உற்பத்தி நின்றபின், இன்று பழமை விரும்பிகளின் கொட்டகைகளில் புத்துயிர் பெற்று வருகிறது. எஞ்சினைப் பற்றிப் பேசுவோர் பலர். துருப்பிடித்த தகட்டை மாற்றுவது பற்றி நாம் இங்குச் சிறிது பேசுவோம்.

லாரிக்கு அடியில் தனிச் சட்டம் உண்டு. உடல் அதன்மேல் அமர்ந்திருக்கும். அம்பாசிடருக்கு அத்தகைய தனிச் சட்டம் இல்லை. தரைத்தகடு, கதவுகளின் அடியில் பெட்டி போல் நீண்டோடும் படித்தகடு, தூண்கள், கூரை யாவும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டு, அவையே சுமையைத் தாங்குகின்றன. ஆதலின் முன் மட்கார்டு துருப்பிடித்தால் அழகு கெடும். படித்தகடு துருப்பிடித்தாலோ வண்டியின் முதுகெலும்பே இற்றுவிடும். மழைக்காலத்தில் முழங்காலளவு நீர் தேங்கும் நம் தெருக்களில் ஓடிய வண்டிகளில், துரு அப்பெட்டியின் உட்புறத்தை விரும்பிக் குடிபுகுகிறது. வெளியே வண்ணம் பளபளக்கும். உள்ளே தகடு பொருக்குப் பொருக்காக உதிரும்.

அவ்வோட்டையின்மேல் பட்டி அப்பித் தேய்த்து, வண்ணம் பூசி விற்போர் உளர். இதனைச் சாமர்த்தியம் என்று சிலர் சிரித்துவிடுகின்றனர். நாம் வஞ்சம் என்றே சொல்லுவோம்; குழந்தைகள் அமரும் வண்டியன்றோ! சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றித் தடவிப் பார்த்தால் போதும். பட்டி தடித்த இடத்தில் அது பற்றாது.

இனி மாற்றும் முறை. பெட்ரோல் தொட்டியையும் பாட்டரியையும் முதலில் அகற்றிவிட வேண்டும். படித்தகட்டை வெட்டுமுன், வண்டியைச் சமமாக முட்டுக்கொடுத்து நிறுத்தி, கதவு வாயிலின் குறுக்கே இரும்புக் குழாய்களைத் தற்காலிகமாகப் பற்றவைத்தல் வேண்டும். இல்லையேல் நடுவுடல் தொய்ந்து, பின்னர்க் கதவு சாத்தாது. ஒரு பக்கம் முடிந்த பின்னரே மறுபக்கம் தொடங்குவது முறை. கழற்றிய தகடு எவ்வளவு இற்றிருப்பினும் எறிந்துவிடலாகாது. புதியதற்கு வேண்டிய அளவும் வளைவும் அதில்தான் இருக்கின்றன. புதுத் தகட்டை இடுக்கியால் பிடித்துவைத்து, கதவை மாட்டிச் சாத்தித் திறந்து, இடைவெளி மேலும் கீழும் ஒத்திருக்கக் கண்ட பின்னரே பற்றவைப்பு. அதுவும் தொடர்ச்சியாக அன்று. இங்கொரு புள்ளி, அங்கொரு புள்ளி என ஆறவிட்டு ஆறவிட்டு வைத்தல் வேண்டும். ஒரே மூச்சாகச் சுட்டால் தகடு அப்பளம்போல் நெளிந்துவிடும். அவசரக்கார மிஸ்திரியிடம் இவ்வேலையைக் கொடுப்பதைவிட, வண்டியை இன்னும் ஓராண்டு கொட்டகையில் நிறுத்தி வைக்கலாம். இறுதியாகப் பெட்டியினுள் துருத் தடுக்கும் மெழுகைத் தெளித்து, அடியிலுள்ள நீர்வடியும் துளைகள் அடைபடாமல் காத்தல் வேண்டும்.

எதை மாற்றுவது, எதை விடுவது என்பதில்தான் கருத்து வேற்றுமை. சுமை தாங்கும் தகட்டில் தயக்கம் கூடாது. இற்றதை வெட்டியே தீரவேண்டும். மட்கார்டும் பானட்டும் அவ்வாறல்ல. நசுங்கியதைச் சுத்தியலாலும் அணைகட்டையாலும் தட்டி நிமிர்த்தும் கைத்திறன் இந்நகரில் இன்னும் உள்ளது. அவ்வாறிருக்க, எளிதில் கிடைக்கிறது என்பதற்காகப் பிற்கால வகையின் முன்புறத்தை முதல் வகை வண்டிக்கு மாட்டுகின்றனர். நெளிவரி ஓடும் அந்தப் பழைய பானட் போனபின் அது வேறொரு வண்டியே. மல்லிக் பஜாரில் பொறுமையுடன் தேடினால் ஒருகால் அகப்படும். விலை பேசுமுன் அதன்மேலும் காந்தத்தைத் தடவிப் பார்த்துக்கொள்க.