மாந்தன் எண்ணல்லன்

 

பெற்றோர் பெயரிட்டனர், தில்லி எண்ணிட்டது. பத்து விரற்பதிவும் இரு கருவிழிப் பதிவும் முகப்படமும் கொண்டு பிணிக்கப்பட்ட 12 இலக்க எண் அது. 'ஆதார்' என்பது அதன் பெயர். பெயரும் தமிழன்று, பதிவேட்டின் திறவுகோலும் தமிழன் கையில் இல்லை.

அட்டையைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. அட்டைக்குப் பின்னுள்ள பதிவேட்டைக் கண்டே அஞ்சுதல் வேண்டும். ஒரு நோக்கத்திற்கெனத் தொகுத்த ஏடு, ஆள்வோர் மாறின் வேறொரு நோக்கத்திற்குக் கருவியாகும். இது புனைவன்று, வரலாறு.

நெதர்லாந்து நாட்டு நகராட்சிகள் மக்கட் பதிவேட்டைச் செவ்வையாகப் பேணிவந்தன. ஒவ்வொருவர் சமயமும் அதில் குறிக்கப்பட்டிருந்தது. குறித்தவர் தீங்கு கருதினாரல்லர். 1940-இல் இட்லரின் படை புகுந்தது. அவ்வேடே யூதரைத் தேடிப் பிடிக்க வழிகாட்டியாயிற்று. ஏறத்தாழ 1,40,000 யூதருள் 1,00,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். 1943 மார்ச்சு 27 இரவு, விடுதலை மறவர் சிலர் ஆம்சுட்டர்டாம் மக்கட் பதிவகத்திற்குத் தீயிட்டனர். அச்செயலுக்காக 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஏட்டை எழுதுதல் எளிது. அழித்தற்கோ உயிரையே விலையாகத் தரவேண்டியிருந்தது!

அப்பாடத்தை இந்திய அரசு கற்றதா? 2010-இல் எண் வழங்கல் தொடங்கிற்று. அதற்கான சட்டமோ 2016-இல்தான் வந்தது. அதற்குள் 90 கோடிக்கு மேற்பட்டோரின் உடலடையாளம் தொகுக்கப்பட்டுவிட்டது. அச்சட்டமும் பணமுன்வடிவு என்னும் போர்வையில் வந்தமையால், மாநிலங்களவை சொன்ன திருத்தங்கள் தள்ளப்பட்டன. மாநிலங்களின் பெயர்தாங்கிய அவைக்கே வாய்ப்பூட்டு!

தனியுரிமை அடிப்படை உரிமையே அன்று என 2015-இல் நடுவணரசு வழக்குரைத்தது. 24.8.2017 அன்று உச்ச நயன்மன்ற நடுவர் ஒன்பதின்மரும் ஒருமித்து அதனை மறுத்தனர். 26.9.2018 தீர்ப்பில், வங்கிக் கணக்கிற்கும் கைப்பேசிக்கும் ஆதாரைக் கட்டாயமாக்கியது செல்லாதென்றாயிற்று. ஆயின், அரசுதவிக்கும் வருமானவரிக்கும் அது கட்டாயமென்பது நிலைத்தது. ஐவருள் சந்திரசூட் ஒருவரே சட்டம் முழுதும் செல்லாதென்றார்.

சுமை எவர் தலையில் விழுந்தது? மண்வெட்டி பிடித்து விரல்வரி தேய்ந்த உழவரும், பைஞ்சுதை அரித்த கையுடைய கொத்தனாரும் பங்கீட்டுக் கடையில் பொறியின்முன் விரலை மீண்டும் மீண்டும் அழுத்தி நிற்கின்றனர். உழைப்பின் தழும்பே அவர்களை அயலாராக்குகிறது!

2023-ஆம் ஆண்டுத் தரவுக்காப்புச் சட்டமேனும் காக்குமா? நாட்டுப் பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்னும் பெயரால் தன் அமைப்புகளுக்கு விலக்களித்துக்கொள்ள அது நடுவணரசிற்கே இடந்தருகிறது. வேலியிட்டவனே தனக்கொரு திட்டிவாயிலும் வைத்துக்கொண்டான்.

ஆகவே, மூன்றைக் கேளுங்கள். எண் பொருந்தவில்லை என்று எவர்க்கும் உணவு மறுக்கப்படலாகாது. ஒரு துறைக்குத் தந்த செய்தி, தந்தவர் இசைவின்றி மறுதுறைக்குச் செல்லலாகாது. தம் பதிவை எவர் பார்த்தார், எதற்குப் பார்த்தார் என அறியும் உரிமை ஒவ்வொருவர்க்கும் வேண்டும்.

ஊர்தோறும் கேளுங்கள்; ஓயாது கேளுங்கள். கேட்கும் வரையில்தான் குடிமகன். கேளாதொழியின் வெறும் எண்!