அபாயச் சங்கு ஒலித்த பின்னரும்...



கண்ணியத்திற்குரிய பெற்றோர்களே, அன்பின் இளைஞர்களே!

செய்திகள் முடிந்து, "இனி வானிலை" என்று அறிவிப்பாளர் கூறும்போது நம்மில் எத்தனை பேர் வானொலியின் ஒலியைக் குறைத்து விடுகின்றோம்? உங்களைக் குறை காண்பதற்காக இதனைக் கேட்கவில்லை. நெடுங்காலம் நானும் அவ்வாறு செய்தவனே. அந்த இரண்டு நிமிட அறிவித்தலில் உயிரே தங்கியிருக்கும் ஒரு நிலப்பரப்பைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன்.

ஐக்கிய அமெரிக்காவின் நடுப்பகுதியில் ஒக்லஹோமா, கன்சாஸ், மிசூரி முதலிய மாநிலங்கள் பரந்து கிடக்கின்றன. வசந்தம் என்றதும் நமக்குப் பூக்களே நினைவுக்கு வரும். அங்குள்ளோருக்கோ அது அச்சத்தின் பருவமுமாகும். வடக்கே கனடாவில் குளிர் இன்னும் விலகியிராது. தெற்கே மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வெப்பமும் ஈரமும் நிறைந்த காற்று மேலேறி வரும். மேற்கிலிருந்து வறண்ட காற்று வந்து சேரும். கிழக்கு மேற்காக ஒரு மலைத்தொடர் இருந்திருந்தால் குளிர்காற்றும் வெப்பக்காற்றும் இவ்வளவு எளிதில் மோதியிரா. அத்தகைய தடை எதுவும் அங்கு இல்லை. ஆகவே, பகலில் 25 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பம் நிலவிய ஊரில், மறுநாட் காலையில் உறைபனி படிந்திருப்பதும் உண்டு. இடியும் ஆலங்கட்டி மழையும், டொர்னாடோ எனப்படும் கொடிய சுழல்காற்றும் பெரும்பாலும் இத்தகைய மாற்றத்தின் இடையிலேயே தோன்றுகின்றன.

வியப்புக்குரிய செய்தி ஒன்றுண்டு. அந்நாட்டின் அரச வானிலை அறிக்கைகளில் 'டொர்னாடோ' என்ற சொல்லையே பயன்படுத்தலாகாது என ஏறத்தாழ 50 ஆண்டுகள் தடை இருந்தது. மக்கள் பீதியடைவார்கள் என்பதே காரணம். 1938இல் தடை நீங்கிய பின்னரும் தயக்கம் நீங்கவில்லை. ஆபத்தை மறைத்தால் அச்சம் குறையும் என்று எண்ணினார்கள் போலும்!

1948 மார்ச் 20ஆம் திகதி இரவு, ஒக்லஹோமாவின் டிங்கர் விமானப்படைத் தளத்தைச் சுழல்காற்று தாக்கிப் பல விமானங்களை நொறுக்கியது. அன்றைய முன்னறிவிப்பில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. தளத்தின் வானிலை அதிகாரிகளான ஃபோபுஷ், மில்லர் ஆகிய இருவரும் பழைய பதிவுகளைப் புரட்டி, எத்தகைய வானிலையில் இக்காற்று எழுகின்றது என ஆராய்ந்தனர். ஐந்தே நாட்களில், மார்ச் 25இல், வரைபடத்தில் அதே அறிகுறிகள் தென்பட்டன. ஒரே இடத்தை ஒரே வாரத்தில் இரு முறை தாக்குமா? சொல்லிப் பொய்த்துவிட்டால் ஏளனத்துக்கு ஆளாக நேருமே! தயங்கினார்கள், ஆயினும் அறிவித்தார்கள். விமானங்கள் பாதுகாப்பான இடங்களுக்கு நகர்த்தப்பட்டன. மாலை 6 மணியளவில் சுழல்காற்று மீண்டும் அத்தளத்தின் மீது வந்து விழுந்தது. இம்முறை இழப்புக் குறைவாகவே இருந்தது.

அன்பின் இளைஞர்களே! கருவிகள் பெருகிய பின்னர் பிரச்சினை வேறிடத்துக்கு மாறியது. 2011 மே 22, ஞாயிற்றுக்கிழமை. மிசூரி மாநிலத்தின் ஜொப்ளின் நகரில் மாலை 5.11க்கு முதலாவது அபாயச் சங்கு ஒலித்தது. ஏறத்தாழ அரை மணி நேரத்தின் பின்னரே சுழல்காற்று நகரை அடைந்தது. ஆயினும் ஏறத்தாழ 160 பேர் மாண்டனர். பின்னர் ஆராய்ந்தவர்கள் கண்டதென்ன? பெரும்பாலானோர் முதற் சங்கைக் கேட்டதும் ஒதுங்கவில்லை. அடிக்கடி ஒலித்து ஒன்றும் நிகழாமற் போன சங்குதானே என்று இருந்தார்கள். வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தார்கள், தொலைக்காட்சியைப் போட்டார்கள், இரண்டாவது அறிகுறிக்காகக் காத்திருந்தார்கள். நான்கு ஆண்டுகளுக்கு முன்னர், 2007 மே 4இல், கன்சாசின் கிரீன்ஸ்பர்க் என்ற சிற்றூரின் பெரும் பகுதி தரைமட்டமானது. எச்சரிக்கையைக் கேட்டுப் பலர் நிலவறைகளுக்குள் இறங்கியிருந்தமையால், உயிரிழந்தோர் பன்னிருவருக்கு மேற்படவில்லை.

இவற்றை இங்கே ஏன் பேசுகின்றேன்? நமது நாட்டில் அத்தகைய வசந்தமும் இல்லை, அத்துணை பெரிய சுழல்காற்றும் இல்லை. ஆனால் மார்ச், ஏப்ரல் மாதங்களில், இரு பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட காலத்தில், காலையில் வெயில் சுட்டெரிக்கும். பிற்பகலில் மேகம் திரண்டு இடி முழங்கும். பலத்த மின்னல் குறித்து வளிமண்டலவியல் திணைக்களம் அறிவித்தல் விடுக்கின்றது. நமது பிள்ளைகள் அஸர் தொழுதுவிட்டு மைதானத்துக்கு ஓடுவதும் அதே நேரத்தில்தான்.

"அல்லாஹ் நாடியதே நடக்கும், ஏன் இந்தப் பயம்?" என்று கேட்கும் இளைஞர்களையும் நான் கண்டிருக்கிறேன். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பொறுப்புச் சாட்டுமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டிய செய்தியை அவர்களும் சிறு வயதில் மத்ரஸாவில் கேட்டவர்களே.

பெற்றோர்களே! பிள்ளையை அழைக்க நீங்கள் மைதானத்துக்குச் சென்றால், "இன்னும் ஒரு ஓவர்தான் வாப்பா" என்பான். அந்த ஒரு ஓவரை அனுமதிக்காதீர்கள். இடியோசை காதில் விழும் தூரத்தில் இருப்பவர் மின்னல் எட்டும் தூரத்திலும் இருக்கக்கூடும். தலைக்கு மேலே மழை பெய்ய வேண்டியதில்லை. மரத்தடியில் ஒதுங்க விடாதீர்கள். வயலில் நிற்பவரையும் சைக்கிளில் செல்பவரையும் கூப்பிட்டு உள்ளே எடுங்கள். கடைசி இடி முழங்கி 30 நிமிடங்கள் கழியும்வரை எவரும் வெளியே செல்ல வேண்டாம். இன்று மாலைச் செய்திக்குப் பின்னர் வானிலை அறிவித்தல் வரும்போது, வானொலியின் ஒலியைச் சற்றே கூட்டி வையுங்கள்.