பட்டினி போட்டு ஊட்டும் மருந்து

தைராய்டு சுரப்பிக்கு அயோடின் மேல் தீராத பசி. அந்தப் பசியையே வழியாக்கி, 1941-இல் பாஸ்டனில் சால் ஹெர்ட்ஸ் என்ற மருத்துவர் கதிரியக்க அயோடினை நோயாளிக்குக் கொடுத்தார்.

இந்தக் கதிரியக்க அயோடின் மருந்துக்கு முன், மருத்துவர் சொல்கிறபடி ஒன்றிரண்டு வாரம் சுரப்பியைப் பட்டினி போட வேண்டும். அயோடின் உப்பு, மீன், கருவாடு, பால், முட்டை மஞ்சள் கரு கூடாது. பலர் கோட்டை விடுவது கடை ஊறுகாயிலும் அப்பளத்திலும்தான். அதிலும் அயோடின் உப்பு இருக்கலாம்.

மருந்து எடுத்தபின் நிறையத் தண்ணீர் குடியுங்கள். கழிப்பறையில் இருமுறை தண்ணீர் விடுங்கள். இந்த மருந்தின் கதிரியக்கம் 8 நாளுக்கொரு முறை பாதியாகும்.

கடினமானது, கதிர் படாமலிருக்க, ஓடிவரும் பேரப்பிள்ளையைத் தூக்காமல் இருப்பது. மருத்துவர் சொன்ன நாள்வரை கதவுக்கு அப்பால் நின்றே கொஞ்சுங்கள். கர்ப்பிணிகளிடமிருந்தும் விலகியே இருங்கள்.